இரட்டைத் தையல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குகிறவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவனுக்கு அப்படியொரு வாக்கு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்து வடிந்த பின், நிவாரண மூட்டைகளைப் பிரித்தபோது இது எனக்கு உறைத்தது. கொக்கி போன ரவிக்கை, கிழிந்த பாவாடை, சாயம் வெளுத்த திரைச்சீலை. அலமாரி காலியானதில் கொடுத்தவர்களுக்குத் திருப்தி இருந்திருக்கும்.

நாங்கள் சிலர் பழைய நூல்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்தோம். சித்தி ஓரங்களை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டாள். “சும்மா குடுக்கதுக்கு இம்புட்டு வேணுமா?” என்றாள் கூட இருந்தவள்.

“ஏட்டி, சும்மா குடுத்தா குளிரு கொறஞ்சிருமா?”

திருநெல்வேலிக்கு மேற்கே பத்தமடையிலிருந்து 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு ஒரு பாய் போயிற்று. கோரையை ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து நெய்த பாய். அரசிக்கென்றால் கை தானாகவே கவனம் கொள்கிறது. ஊர்ப்பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். இந்தப் போர்வையைப் போர்த்தப்போகிறவள் யாரென்று தெரியாது. குறை சொல்ல அவள் வரப்போவதில்லை. வந்தால் என்ன சொல்வாளோ அதை, ஊசி கையில் இருக்கும்போதே நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.