கறை இல்லை சார்

32 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். நான் தப்பாகச் சொன்ன ஒன்றைப் போன மாதம் ஒரு ரோகு மீன் திருத்தியது. அதைத்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடி பக்கம் என் பழைய மாணவன் ஒருவன் இரண்டு குளத்தில் கட்லா, ரோகு வளர்க்கிறான். ஒரு நாள் காலை போன் செய்தான். "சார், ஒரு குளத்துல மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. கடன் வாங்கி விட்ட குஞ்சு சார்." குரல் உடைந்திருந்தது.

விடியற்காலையில் மீன் இப்படி மேலே வந்தால் ஆக்சிஜன் குறைவு என்று சொல்லிவிடலாம். இரவில் பாசியும் சேர்ந்து மூச்சு விடுமல்லவா? ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது மணி 11. நல்ல வெயில். ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் ஆக்சிஜன் போதுமான அளவு காட்டியது. மீனின் உடம்பில் புண் இல்லை, பேன் இல்லை. பார்வைக்கு நல்ல மீன்தான்.

அவன் வரச்சொல்லியிருந்த, மீன்வளம் படித்த இளம்பெண் ஒருவர் வந்தார். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் ஒரு மீனை விட்டு மயக்கினார். வால் பக்கம், அடியிலிருந்து முதுகெலும்பை நோக்கி ஊசியைச் செலுத்தி ரத்தம் எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மீன் ரொம்ப நேரம் துள்ளினா ரத்தத்துல சர்க்கரை ஏறிடும் சார். அப்புறம் நோயைப் பார்க்கிறமா, பயத்தைப் பார்க்கிறமான்னு தெரியாது" என்றார்.

சிரிஞ்சைப் பார்த்தேன். ரத்தம் சிவப்பாக இல்லை. கருப்பட்டிக் காப்பி நிறம்.

நைட்ரைட். தின்னாமல் மிச்சமான தீவனமும் கழிவும் சேர்ந்து அம்மோனியாவாகி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறுகிறது. அது செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடுகிறது. அப்புறம் அந்த ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. தண்ணீர்ச் சோதனையும் அதையே சொன்னது.

தீவனத்தை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் மாற்றி, கணக்குப் பார்த்துக் கல்லுப்பு போடச் சொன்னார். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். சில மீன்கள் போயின. பெரும்பாலானவை பிழைத்தன.

கதை அதோடு முடியவில்லை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நீள்வட்டச் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு.

1994-இல் இதே பையன் கெண்டை மீன் ரத்தத்தைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, "சார், நடுவுல ஒரு புள்ளி தெரியுது" என்றான். சிவப்பணுவில் உட்கரு கிடையாது என்று அன்றுதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். அது பாலூட்டிகளுக்குத்தான் பொருந்தும், எனக்கும் தெரியும். அவசரத்தில், "கறைடா அது, ஸ்லைடை ஒழுங்கா கழுவு" என்று விரட்டிவிட்டேன். அவன் அப்புறம் வகுப்பில் கேள்வியே கேட்டதில்லை.

அன்று அவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். "கறை இல்லை சார்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இல்லடா, நான்தான் சரியாப் பார்க்கல" என்றேன்.

மீன் வளர்க்கும் நண்பர்களுக்கு ஒன்று. மீன் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். இனம், வயது, தண்ணீரின் சூடு இவற்றைப் பொறுத்து அளவுகள் மாறும். உங்கள் குளத்து நல்ல மீனின் கணக்கு கையில் இருந்தால்தான் நோய்ப்பட்ட மீனின் கணக்கு புரியும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. பையன் புள்ளி தெரிகிறது என்றால், ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.