வில்லும் வழியும்

வண்டியின் உடலுக்கும் சில்லுகளுக்கும் இடையே அமைந்துள்ள வில்லைப் பற்றிப் பயணஞ் செய்வோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. வண்டி குழியில் விழுந்தெழும் கணத்தில் மட்டுமே அது நினைவுக்கு வருகின்றது. ஆயினும், வட்டவளை வழியாக மலையேறும் பாதையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அவ்வில் ஒரு வினாவை எழுப்பி நிற்பது புலனாகும். ஒரே வில் எத்தனை வழிகளுக்குப் பொருந்தும் என்பதே அவ்வினா.

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், தலவாக்கலை ஊடாக நுவரெலியாவை அடையும் இப்பாதை, சித்திரை மாதத்தில் மோட்டார்ப் பந்தய ஆர்வலர்களையும் மேலே கொண்டு செல்கின்றது. 1934ஆம் ஆண்டு தொடங்கிய மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில், வண்டிகள் தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து செல்லும் பாதையில் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிட்டு ஏறுகின்றன. நானுஓயாவை அடுத்த ரதல்லையிலும் இத்தகைய பந்தயம் நடந்து வந்துள்ளது. வெற்றியும் தோல்வியும் நொடியின் சிறு கூறுகளால் தீர்வதால், எந்திரத்தின் வலிமைக்கு நிகராக வில்லின் அமைப்பும் அங்கே கணக்கிடப்படுகின்றது.

வளைவில் திரும்பும் வண்டியின் பாரம் உட்புறச் சில்லுகளை விட்டு வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகின்றது. வில்லை வன்மையாக்கினால் இதனைத் தடுத்துவிடலாம் என்று கருதுவோர் உளர். உடல் சாய்வது குறையுமேயன்றிப் பாரம் இடம் மாறுவது நிற்பதில்லை. அதனைப் பெரிதும் நிர்ணயிப்பன வண்டியின் வேகமும், அகலமும், புவியீர்ப்பு மையத்தின் உயரமுமே. அம்மாற்றத்தை முன்சில்லுகளும் பின்சில்லுகளும் எவ்வளவு ஏற்பதெனப் பங்கிடுவதே வில்லின் பணியாகும். முன்வில் மிக வன்மையாயின் வண்டி வளைவுக்கு இணங்காது வெளியே நழுவும். பின்வில் மிக வன்மையாயின் வால் வீசும். இருபுறச் சில்லுகளையும் உருக்குத் தண்டினாற் பிணைத்துச் சாய்வைக் குறைக்கலாம். அப்பொழுது இடச்சில்லு பட்ட அடி வலச்சில்லையும் சென்று சேரும். உடலைத் தாழ்த்தினால் பாரம் மாறுவது குறையும். ஆனால் மதகு மேட்டில் அடிப்பாகம் உரசும். துள்ளலை அடக்கும் ‘சொக் அப்சோபரை’ அளவுக்கு மீறி இறுக்கினால் சில்லு பாதையின் மேடுபள்ளத்தைத் தொடர மாட்டாது. தளர்த்தினால் உடல் ஓயாது ஆடும்.

பந்தயத்திற்கும் பயணத்திற்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவனின் இக்கட்டு இதனினும் பெரிது. மாகாஸ்தோட்டையின் உலர்ந்த தார்ப்பாதைக்கென இறுக்கிய வில்லோடு அவன் வீடு திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெறும் வட்டவளையில், பாதை நனைந்திருக்கும் நாட்களே மிகுதி. ஈரத்தில் மென்மையான வில், சில்லு வழுக்கப்போவதைச் சற்று முன்னரே ஓட்டுநனுக்கு உணர்த்தும். வன்மையான வில் அவ்வளவு அவகாசம் தருவதில்லை.

உலகப் புகழ்பெற்ற இரு சிறு வண்டிகள் இவ்விரு முனைகளையும் காட்டுவன. பிரான்சில் 1948இல் வெளிவந்த சித்ரோன் 2சீவீ, உழுத வயலைக் கடக்கும்போதும் கூடையிலுள்ள முட்டைகள் உடையலாகாது என்னும் நோக்குடன் உழவர்க்காக அமைக்கப்பெற்றது. அது வளைவிற் பெரிதுஞ் சாய்ந்தது. 1959இல் பிரித்தானியாவில் தோன்றிய மினி, உருக்குவில்லுக்குப் பதிலாக இறப்பர்க் கூம்புகளைக் கொண்டிருந்தது. அது பயணிகளைக் குலுக்கியது. எனினும் 1964இல் மொன்டே கார்லோ போட்டியை வென்றது. இரண்டையும் வகுத்தோர், யாருக்காக, எந்த வழிக்காக என்ற வினாவை முதலிற் கேட்டனர்.

அவ்வினாவைத் தோட்டத்துக் கொழுந்து லொறியிடம் கேட்டுப் பார்த்தல் தகும். அதன் பின்வில், பல உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டியது. கொழுந்து நிறைந்திருக்கையில் அது அளவாக வளைந்து அடிகளை ஏற்கும். வெறுமையாக இருக்கையில் வளைய மறுத்து, ஒவ்வொரு கல்லின் அடியையும் மேலே எறியும். நெடுங்காலம், பேறுகால வலியெடுத்த பெண்களும் நோயாளரும் லயங்களிலிருந்து மருத்துவமனைக்குச் சென்றது அத்தகைய வெறும் லொறிகளிலேதான். ஓருடலின் எடை அவ்வில்லுக்கு ஒரு பாரமே அன்று. கீழே சாக்குகளை விரித்து, இருபுறமும் அமர்ந்து தோளையும் இடுப்பையும் பற்றிக்கொண்ட உறவினரின் கைகளே அங்கு வில்லாகப் பணிபுரிந்தன.

2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, நோயாளிக்கென அமைந்த வண்டியை மலையகத்துக்கும் கொண்டு வந்தது. ஆயினும், லயத்தின் வாயில் வரை செல்லும் கற்பாதை செப்பனிடப்படாத இடத்தில், எவ்வளவு மென்மையான வில்லும் தன் எல்லையை விரைவிற் கண்டுவிடும். பந்தய வீரன் நொடியின் ஒரு கூற்றை மிச்சப்படுத்துவதற்காகப் பாதையையும் பாரத்தையும் அளந்து பார்க்கின்றான். தேயிலையின் பாரத்தை அளந்த தோட்டங்கள், அதனைப் பறித்தவளின் பாரத்தையும் அவள் செல்லும் பாதையையும் அதே அக்கறையோடு அளத்தல் வேண்டும்.