மொழியறிஞர் கென் ஹேல்

அமெரிக்க நாட்டின் தென்மேற்கே அரிசோனா என்னும் மாநிலம் உளது. வறண்ட நிலம், பரந்த மேய்ச்சற் புலங்கள், அவற்றிடையே பழங்குடி மக்களின் ஊர்கள். 1934-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த கென் ஹேல், ஆறாம் வயதில் பெற்றோருடன் அரிசோனாவை அடைந்து, கால்நடைப் பண்ணையொன்றில் வளர்ந்தார். இளமையில் காளைமேல் ஏறி வீழாது அமரும் போட்டியில் வென்றவர் அவர். அப்பரிசாகப் பெற்ற இடைவார்க் கொக்கியைப் பேராசிரியரான பின்னரும் அணிந்து வந்தார்.

விடுதிப் பள்ளியில் அவருடன் உறைந்த மாணவருள் ஒருவர் ஹோப்பி மொழியினர். மற்றொருவர் ஹேமெஸ் மொழியினர். பிறராயின் அப்பேச்சைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்திருப்பர். ஹேலோ இரண்டையும் கற்கத் தொடங்கினார். நூல் இல்லை; தோழரே ஆசிரியர். இவ்வழக்கம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1959-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் அவர் ஆஸ்திரேலியா சென்றார். அக்கண்டத்தின் நடுவே, பாலை நிலத்தில், வார்ல்பிரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழியே ஹேலின் ஆராய்ச்சிக்கு நிலைக்களன் ஆயிற்று.

சொற்கள் தொடராக அமையும் முறையை ஆராய்வது தொடரியல். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே பொருளை உணர்த்தும். 'மனிதன் கங்காருவைக் குத்துகிறான்' என்னும் ஆங்கிலத் தொடரில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால், குத்துபவன் குத்தப்படுவான்! வார்ல்பிரியில் இத்தொல்லை இல்லை. செயலைச் செய்பவனைக் குறிக்கும் சொல் அங்கு 'ங்கு' என்னும் உருபை ஏற்கும். செயப்படுபொருள் உருபின்றி நிற்கும். தமிழில் இதற்கு மறுதலையாக, எழுவாய் உருபின்றி நிற்க, செயப்படுபொருள் ஐயுருபை ஏற்கும். உருபு காத்து நிற்றலால் வார்ல்பிரிச் சொற்களை எவ்வாறு மாற்றி வைப்பினும் பொருள் திரியாது. துணைச்சொல் ஒன்று மட்டும் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் நிற்றல் வேண்டும். 'அந்தக் கங்காரு' என்று சேர்ந்து நிற்க வேண்டிய சொற்களும் தொடரின் இரு முனைகளிலும் பிரிந்து நிற்றல் கூடும். கொண்டுகூட்டுப் பொருள்கோள் பயின்ற மாணவர்க்கு இது முற்றும் புதியதன்று. ஆயின் அது செய்யுளுக்கு உரியது. இதுவோ அன்றாடப் பேச்சு.

1967 முதல் ஹேல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மாந்தர் மொழிகள் அனைத்திற்கும் அடியில் பொது அமைப்பு ஒன்றுண்டு என்னும் கொள்கையை நிறுவிய நோம் சாம்ஸ்கி அங்கு அவருடன் பணியாற்றினார். சொற்கள் இவ்வாறு சிதறி நிற்கும் மொழி அப்பொது அமைப்பினுள் அடங்குமா? ஹேல் அவ்விடரை மறைக்கவில்லை; கொள்கையையும் கைவிடவில்லை. அடிப்படையில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டினின்றே வார்ல்பிரியின் பல இயல்புகளும் தோன்றுகின்றன என்று 1983-இல் ஒரு கட்டுரை வரைந்தார். பின்வந்தோர் சிலர் அதனை விரித்தனர், சிலர் மறுத்தனர். அக்கட்டுரையை அறியாது அப்பொருளைப்பற்றி எழுதியவர் அரியர்.

ஒரு மொழியைத் தாய்மொழியாக உடையவரே அதனை ஆராய்தற்கு மிகவும் உரியவர் என்பது ஹேலின் உறுதியான கருத்து. பழங்குடி மக்களைத் தகவல் தருவோராக மட்டும் கொள்ளும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நவஹோ மொழியினரான பால் பிளாட்டெரோவும் ஹோப்பி மொழியினரான லவெர்ன் ஜீனும் அக்கழகத்திலேயே 1978-இல் முனைவர் பட்டம் பெற்றனர்.

அக்கழகம் அமைந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொன்மொழிகளுள் ஒன்று வாம்பனோவாக். அதனைப் பேசுவோர் அற்று நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. எஞ்சியவை பழைய ஆவணங்களும், 1663-இல் அச்சான விவிலிய மொழிபெயர்ப்பும் போன்ற ஏடுகளே. அக்குடியில் பிறந்த ஜெசி லிட்டில் டோ பேர்ட் என்னும் பெண்மணி ஹேலிடம் பயின்று, 2000-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்; தம் மகளிடம் அம்மொழியிலேயே பேசி வளர்த்தார். அக்குழந்தை பிறக்குமுன்னரே ஹேல் மறைந்துவிட்டார்.

ஹேல் ஐம்பது மொழிகள் வல்லவர் என்று பலரும் புகழ்ந்தனர். அவருக்கு அப்புகழ்ச்சி உவப்பாயில்லை. தாம் பேசவல்லவை ஆங்கிலம், ஸ்பானியம், வார்ல்பிரி ஆகிய மூன்றே எனவும், ஏனையவற்றில் சில சொல்ல மட்டுமே இயலும் எனவும் அவர் கூறுவார். வார்ல்பிரி அவர் இல்லத்திலும் வழங்கியது. இரட்டையரான இளைய மைந்தர் இருவரையும் அம்மொழி பேசியே வளர்த்தார். 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவ்விருவருள் ஒருவரான எஸ்ரா தந்தைக்கு இரங்கலுரை ஆற்றினார். அவ்வுரை வார்ல்பிரி மொழியில் அமைந்தது.