பேஜ்மேக்கர் போயாச்சு, ஃபைல் இருக்கு

ஆபீஸ் சாஃப்ட்வேர்னா லெட்டர் அடிக்க ஒண்ணு, கணக்குப் போட ஒண்ணு, மேனேஜருங்க படம் காட்ட ஒண்ணு. எது ஒசத்தின்னு பேச்சு வந்தா பட்டன் எங்க இருக்கு, பார்க்க எப்படி இருக்குன்னுதான் சண்டை. ராயபுரத்துல ஒரு க்ளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்ல பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸுமா ஆணி பிடுங்குற எனக்கு இப்பல்லாம் கேள்வி ஒண்ணுதான். இருபது வருஷம் முன்னாடி அடிச்ச ஃபைலை இது திறக்குமா?

இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்றேன். 2022 நவம்பர் 4-ம் தேதி பி.எஃப். பென்ஷன் வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 2014 செப்டம்பர் 1-ல சர்வீஸ்ல இருந்து, முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டினவங்க கூடுதல் பென்ஷன் கேட்டு விண்ணப்பிக்கலாம்னு வழி பிறந்தது. கடைசித் தேதி தள்ளித் தள்ளி 2023 ஜூலை 11-ல வந்து நின்னுது. திருவொற்றியூர்ல ஒரு தொழிற்சாலை (பேர் வேண்டாமே). அங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, சர்வீஸ் பேப்பர் கேட்டு கம்பெனிக்கு நடையா நடந்தாங்க. "பழசெல்லாம் எங்ககிட்ட இல்லை"ன்னுதான் பதில்.

யூனியன்கிட்ட இருந்தது. எப்படின்னு கேக்கறீங்களா? யாருக்கெல்லாம் முழுச் சம்பளத்துக்கு பி.எஃப். பிடிச்சாங்கன்னு பேர், நம்பரோட அந்தக் காலத்துலயே லிஸ்ட் போட்டு நிர்வாகத்துக்கு லெட்டர் கொடுத்திருக்காங்க. பேப்பர் எல்லாம் 2015 டிசம்பர் மழையில கூழ். மிச்சம், திருவொற்றியூர் ஹைரோட்ல இருந்த ஒரு டி.டி.பி. சென்டர்க்காரர் எழுதிக் கொடுத்த சிடிகள். எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் மஞ்சப்பையில எடுத்துட்டு வந்தார். "இன்னா தம்பி, கம்ப்யூட்டர்ல தானே குந்திக்கினு இருக்கே, இத்த தொறந்து குடுக்க மாட்டியா?"

சிடி திறந்தது. ஃபைல் திறக்கலை.

பாதிக்கு மேல பேஜ்மேக்கர் 6.5 ஃபைல். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், யூனியன் நோட்டீஸ், கட்சி பிட் நோட்டீஸ்னு எல்லாமே ஒரு காலத்துல பேஜ்மேக்கர்லதானே? 1985-ல ஆல்டஸ் கம்பெனி கொண்டு வந்தது. 1994-ல அடோபி கைக்குப் போச்சு. 2001-ல வந்த 7-தான் கடைசி. 2004-ல அடோபி அதை மேற்கொண்டு வளர்க்கறதை நிறுத்திட்டு இன்டிசைனுக்குப் போங்கன்னுடுச்சு. இன்டிசைனோட புது வெர்ஷன்களும் பேஜ்மேக்கர் ஃபைலைத் தொடாது. நியாயமா பார்த்தா, எழுதினது யூனியன், காசு கொடுத்து அடிச்சது யூனியன். சாவி மட்டும் எங்கேயோ அமெரிக்காவுல.

கடைசியில திறந்தது லிப்ரே ஆபீஸ்.

இதுவும் பூர்வீகத்துல 1985 ஆசாமிதான். ஜெர்மனியில மார்கோ போரிஸ்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ஸ்டார் ரைட்டர்னு எழுத ஆரம்பிச்சது ஸ்டார் ஆபீஸா வளர்ந்தது. 1999-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த வருஷமே மூலநிரலைத் திறந்து விட்டாங்க. 2002-ல ஓப்பன் ஆபீஸ் 1.0. நம்மாளுங்க சும்மா இருக்கலை. எ-கலப்பை கொடுத்த அதே முகுந்தராஜோட 'தமிழா' குழு ஓப்பன் ஆபீஸையும் தமிழ்ப்படுத்தினாங்க. உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ அந்த ஆபீஸே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறினது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010-ல சன் கம்பெனியை ஆரக்கிள் விழுங்கினதும், வேலை செஞ்சவங்க பலர் அதே வருஷம் செப்டம்பர்ல தனிக்குடித்தனம் போனாங்க. அதுதான் லிப்ரே ஆபீஸ்.

கைவிடப்பட்ட ஃபைல்களைத் திறக்கறதையே வேலையா வச்சு அந்தக் கூட்டத்துல ஒரு குழு இருக்கு. கோரல்டிரா, மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், பப்ளிஷர்னு ஒவ்வொண்ணா உடைச்சுப் படிச்சாங்க. 2015 ஜனவரியில வந்த 4.4-ல பேஜ்மேக்கரும் சேர்ந்தது. உள்ள என்ன இருக்குன்னு வெளியே சொல்லாத ஃபைலை, பைட் பைட்டா பார்த்து இது எழுத்து, இது கட்டம், இது ஃபாண்ட் பேருன்னு கண்டுபிடிக்கிற வேலை. பைசா பிரயோஜனம் இல்லாத வேலைன்னு தோணும். பெரியவர்கிட்ட கேட்டுப் பாருங்க.

திறந்துச்சுன்னா உடனே தமிழ்ல சிரிச்சுதுன்னு நினைக்காதீங்க :-) எல்லாம் பாமினி. பாமினியில "தமிழ்"னு அடிச்சா ஃபைலுக்குள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அதுதான் தெரியும். ஃபாண்டைப் போட்டதும் எழுத்து வந்தது. ஆனா தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. கம்ப்யூட்டருக்கு அது இன்னமும் இங்கிலீஷ்தானே. நம்ம எல்லாருக்கும் பழக்கமான என்.எச்.எம். கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தினேன். நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தையும் சேர்ந்து மாறி, ஏதோ வேற்றுக்கிரக பாஷையா வந்து விழுந்துச்சு. வேர்டு ஃபைல்கள்ல அதுக்கு ஒரு வழி கிடைச்சுது. லிப்ரே ஆபீஸ் தேடல் பெட்டியில எழுத்தைத் தேடாம, "பாமினி ஃபாண்ட்ல இருக்கிறது எல்லாம்"னு ஃபாண்டையே தேடலாம். தமிழ் மட்டும் தனியா செலக்ட் ஆகி நிக்கும். இந்த வசதி இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் கால்க்ல கொட்டி அகரவரிசைப்படுத்தினதும் 'அ'வுல ஆரம்பிச்சு அழகா நின்னுது லிஸ்ட். பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு பேரா படிச்சார். நடுவுல சில பேர் வந்தப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

அந்த லிஸ்ட்டைக் காட்டினா பென்ஷன் வந்துடுமா? வராது. பி.எஃப். ஆபீஸ் கணக்கோடயும் கம்பெனி ரெக்கார்டோடயும் ஒத்துப் போகணும். ஆனா நம்பரும் வருஷமும் கையில இருந்ததால, என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போய்க் கேட்டாங்க. அதுவரைக்கும் கும்பலாப் போய் கும்பலாத் திரும்பினவங்க.

எல்லாத்தையும் ஓ.டி.எஃப்.ல சேமிச்சு வச்சிருக்கேன். 2006-ல ஐ.எஸ்.ஓ. தரமா ஆன ஃபார்மட். ஃபைல் பேர்ல கடைசியை ஜிப்னு மாத்தித் திறந்தா, உள்ளே எழுதினது எல்லாம் எக்ஸ்.எம்.எல்.ல கண்ணால படிக்கிற மாதிரி இருக்கும். லிப்ரே ஆபீஸே நாளைக்கு இல்லாமப் போனாலும் படிச்சுடலாம்.

2025 அக்டோபர்ல மத்திய கல்வி அமைச்சகம் அதிகாரிகளை ஸோஹோ ஆபீஸுக்கு மாறச் சொன்னதும் "நம்ம சென்னைக் கம்பெனி"ன்னு எங்க ஆபீஸ்லயும் ஒரே பெருமை. 2005-லயே ஸோஹோ ரைட்டர் வந்தாச்சு, பெருமை நியாயம்தான். அவங்ககிட்டயும் நான் பார்த்தது, ஓ.டி.டி.யா வெளியே எடுக்க முடியுமான்னு. முடியுது.

பெரியவர் போன வாரம் திரும்ப வந்தார். மஞ்சப்பையில இந்தத் தடவை ஃப்ளாப்பி. "இது இன்னும் பழசு தம்பி." எங்க ஆபீஸ்ல ஃப்ளாப்பி டிரைவ் கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல யாராவது யு.எஸ்.பி. டிரைவ் வச்சிருந்தா சொல்லுங்கப்பா.