முகூர்த்தத்துக்கு முன் ஒரு சட்டம்

லண்டனில் வெயில் கொஞ்சம் முகம் காட்டினால் போதும், தெருவுக்கு நாலு வீட்டில் சாரம் ஏறிவிடும். ஒருவர் கூரைக்குள் அறை எடுப்பார், இன்னொருவர் குசினியைப் பின்வளவுக்குள் நீட்டுவார். எங்கட ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இந்த மடல் வீட்டு வேலை பற்றியதல்ல, கோவில் வேலை பற்றியது.

இங்குள்ள எங்கள் கோவில்கள் பல ஒரு காலத்தில் தேவாலயமாகவோ பண்டகசாலையாகவோ இருந்த கட்டடங்கள். நான் போய்வரும் கோவிலும் அப்படித்தான். கும்பாபிஷேகத்துக்கு முன் கூரையை மாற்றுவது, மடப்பள்ளியைப் பெருப்பிப்பது, விமானத்துக்கு வர்ணம் பூசுவது என்று பரிபாலன சபை தீர்மானித்தது. ஆனி மாதத்தில் நாள் வைத்து, நோட்டீசும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் ஒப்பந்தகாரரைக் கூப்பிட்டார்கள்.

"பத்துப் பேருக்கு மூன்று மாத வேலை," என்றார் அவர்.

"இரண்டு மாதத்தில முடியாதோ?" என்றார் தலைவர்.

"ஆளைக் கூட்டி, இரவிலயும் செய்தால் முடியும் அண்ணை."

எல்லோருக்கும் திருப்தி. சபையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பிள்ளை, படிப்பால் சிவில் எஞ்சினியர், மட்டும் கேட்டாள்: "அங்கிள், ஆராவது விழுந்தால் அரசாங்கம் முதலில உங்களிட்டத்தான் வரும், தெரியுமோ?" தலைவர் சிரித்தார். "அவையின்ர இன்சூரன்ஸ் இருக்குத்தானே பிள்ளை."

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. கட்டுமானப் பாதுகாப்புக்கென்று பிரித்தானியாவில் தனி ஒழுங்குவிதிகள் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் சி.டி.எம். என்பார்கள். முதல் வடிவம் 1994இல் வந்தது. இப்போதுள்ளது 2015 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடமைப்பட்டவர்களின் வரிசையில் அது முதலில் நிறுத்துவது மேசனையோ ஒப்பந்தகாரரையோ அல்ல, வேலையைச் செய்விப்பவரை. சொந்த வீட்டில் வேலை செய்விப்பவருக்குச் சலுகை உண்டு. அவருடைய கடமைகள் பெரும்பாலும் ஒப்பந்தகாரர் தலைக்குப் போய்விடும். கோவில் சபைக்கு அது கிடையாது. இலாபம் வருகிறதோ இல்லையோ, நிறுவனம் நிறுவனந்தான். வர்ணப்பூச்சு மட்டுமென்றால் தப்பலாமா? அதுவும் இயலாது. புதுப்பூச்சும் பராமரிப்புங்கூடக் கட்டுமான வேலை என்றே விதி சொல்கிறது.

செய்விப்பவரின் கடமைகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று: வேலைக்குப் போதிய காலமும் வளமும் ஒதுக்க வேண்டும். ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று இதிலிருந்து கைகழுவ முடியாது. யோசித்துப் பார்த்தால் நியாயந்தான். சாரத்தில் நிற்பவன் மழையிலும் இருட்டிலும் ஏன் நிற்கிறான்? மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார். அவரை ஒப்பந்தகாரர் நெருக்குகிறார். ஒப்பந்தகாரரை நெருக்குவது ஆனி மாத முகூர்த்தம். அந்த நாளைக் குறித்தவர்கள் கம்பளம் விரித்த மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தவர்கள். எங்கள் சமூகத்தில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. 'அம்பாள் பார்த்துக்கொள்ளுவா' என்பதைத் திட்டமிடலாகவே நினைத்துவிட்டோம்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தகாரர்கள் வருவார்கள் என்றால், பிரதான வடிவமைப்பாளர் ஒருவரையும் பிரதான ஒப்பந்தகாரர் ஒருவரையும் எழுத்தில் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் அவர்களுடைய கடமைகளும் சபையின் தலையிலேயே விழும். பாதுகாப்புத் திட்டம் எழுதப்படாமல் முதல் ஆணிகூட அடிக்கக்கூடாது. கழிப்பறை, சுடுதண்ணீர், குடிதண்ணீர், உடைமாற்ற இடம், குந்தியிருந்து சாப்பிட இடம் எல்லாம் வேலை தொடங்கும்போதே இருக்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்க வசதி வேண்டும் என்பதுகூட விதியில் இருக்கிறது. தேத்தண்ணிக்குச் சட்டம் போட்ட நாடு இது!

கட்டடத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் முன்கூட்டியே கொடுப்பதும் செய்விப்பவரின் பொறுப்பு. 2000க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் முதலில் பார்ப்பது அஸ்பெஸ்டஸ். இங்கே அதை முற்றாகத் தடைசெய்தது 1999இல்தான். எங்கள் மடப்பள்ளி முகட்டில் சாம்பிராணிப் புகையும் தாளிப்புப் புகையும் படிந்து கறுத்துப்போன பலகைகள் சில இருந்தன. பிள்ளையின் வற்புறுத்தலில் ஒருவர் வந்து, பலகையின் மூலையை நனைத்து, நகக்கண் அளவு துண்டு எடுத்து, இரட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோனார். ஆய்வுகூடத்தின் பதில் 'ஆம்' என்று வந்தது. உரிமம் பெற்ற ஆட்கள் வந்து கழற்ற வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் தொண்டர்களே ஒரு சனிக்கிழமை சிரமதானமாக உடைத்து இறக்கியிருப்பார்கள். அதற்கான பெயர்ப்பட்டியல் தயாராக இருந்தது. என் பெயரும் அதில்.

இவ்வளவு விதி இருந்தும் சாவு நிற்கவில்லை. 2023-24இல் பிரித்தானியக் கட்டுமானத் தளங்களில் 51 தொழிலாளர்கள் இறந்தார்கள், அடுத்த ஆண்டு 35 பேர். உயரத்திலிருந்து விழுவதுதான் இன்னும் முதற்காரணம். ஆனால் 2012 ஒலிம்பிக்ஸுக்காகக் கிழக்கு லண்டனில் எழுப்பிய அவ்வளவு பெரிய பூங்காவும் அரங்குகளும் கட்டுமானச் சாவு ஒன்றுகூட இல்லாமல் முடிந்தன. அங்கேயும் திறப்பு விழா நாள் அசையாத நாள்தான். அதற்கேற்ற காலமும் காசும் தொடக்கத்திலேயே ஒதுக்கியிருந்தார்கள்.

வழக்கென்று வந்தால் என்ன ஆகும் என்று தலைவர் பிறகு தனியாகக் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது வேலையிடச் சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் இயன்றதையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். தண்டப்பணத்துக்கு உச்சவரம்பில்லை. சபை நிறுவனமாகப் பதிவானது என்றால், அலட்சியம் காட்டிய இயக்குநர்களைத் தனித்தனியாகவும் நிறுத்தலாம். இரண்டு வருடம் வரை சிறை. அதற்குப் பிறகு அவர் இன்சூரன்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

ஆனி ஆவணியானது. ஆடியில் கும்பாபிஷேகம் செய்வதில்லை என்பதால் இடையில் ஒரு மாதம் தானாகவே கிடைத்தது. ஐயர் முகம் சுளிக்கவில்லை. ஆவணியிலும் நல்ல நாள் இருக்கிறதே என்றார். புது நோட்டீஸ் அடித்த செலவைப் பொருளாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 500 ஆள்-நாளைத் தாண்டும் வேலை என்பதால் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, அந்தப் படிவத்தைத் தளத்தில் ஒட்டவும் வேண்டும். செய்விப்பவரின் பெயர் அதில் இருக்கும். கோவிலில் எந்தக் கல் பதித்தாலும் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் தலைவர், இந்த ஒரு தாளில் மட்டும் சபையின் பெயரே போதும் என்று சொல்லிவிட்டார்.