பேய்க்கு ஒரு முகூர்த்தம்

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறோம். ஊருக்குக் கிளம்புவதானால் சூலம் எந்தத் திசையில் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் பயப்படுவதற்கு நாள் பார்ப்பது என்பது நம் பெரியோர்களுக்குத் தோன்றாத விஷயம். பயம் அழையாத விருந்தாளி. வருகிறபோது வரும், போகிறபோது போகும் என்று அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். அமெரிக்க தேசத்து சினிமா ரஸிகர்கள் அப்படியல்ல. ஒரு பேய்ப் படம் எந்த மாதத்தில், எந்தத் தேதியில் கொட்டகைக்கு வரவேண்டும் என்பதைப் பற்றி ஜோஸியர்களையும் தோற்கடிக்கும் நுட்பத்துடன் அவர்கள் வாதாடுகிறார்கள். 2024-ம் வருஷத்தில் 'நாஸ்ஃபெராட்டு' என்ற படத்தை முன்னிட்டு எழுந்த அத்தகைய வாதம் ஒன்று, கடல் கடந்து நம் வீட்டுக் கூடம் வரையில் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்து சேர்த்தவன் நம் தமக்கையின் மகன். அந்த வருஷம் ஆவணியில்தான் மேல்படிப்புக்காக பாஸ்டன் நகரத்துக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் டெலிபோனில் பேசுவான். முதல் சில வாரங்கள் குளிரைப் பற்றியும் சாம்பார்ப் பொடியைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு இரண்டும் போய், பேய் வந்து உட்கார்ந்துகொண்டது. அவனோடு ஒரே ஜாகையில் இருந்த மூன்று பிள்ளைகளும் அவனைப் போலவே பேய்ப் படப் பைத்தியங்கள். அவர்களுக்குள் இரண்டு கட்சி. மத்தியஸ்தம் செய்யும் பொறுப்பு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்துப் பழகிய உபாத்தியாயர் என்ற காரணத்தினால், நம் தலையில் விழுந்தது.

வழக்கைச் சொல்லுமுன் படத்தின் பூர்வ கதையைச் சொல்லவேண்டும். அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897-ல் 'டிராகுலா' என்ற நாவலை எழுதினார். இரவில் எழுந்து மனிதரின் ரத்தத்தைக் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை அது. ஸ்டோக்கர் காலமான பிறகு, ஜெர்மனியில் சிலர் அனுமதி எதுவும் பெறாமல் அதைப் படமாக்கினார்கள். டிராகுலா என்ற பெயரை ஓர்லாக் என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள் போலும்! முர்னாவ் என்ற மகா சமர்த்தர் டைரக்ட் செய்த அந்த மௌனப் படம், 1922 மார்ச் 4-ந் தேதி பெர்லின் மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த மண்டபத்தில் முதன் முதலில் காட்டப்பட்டது. ஸ்டோக்கரின் விதவை ஃபிளாரன்ஸ் அம்மையார் வழக்குத் தொடுத்தார். படம் எடுத்த கம்பெனியோ திவாலாகிவிட்டது. வாங்குவதற்குப் பணம் இல்லை. 1925-ல் பிரதிகளை எல்லாம் அழித்துவிடும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனாலும் சில பிரதிகள் எப்படியோ தப்பின. செத்துப் புதைத்தும் எழுந்து வருகிற ஆசாமியைப் பற்றிய படமல்லவா? அதுவும் எழுந்து வந்துவிட்டது.

அந்தத் திருட்டுப் படம் செய்த ஒரு காரியம் நாம் கவனிக்கத் தக்கது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டால் அவனுடைய சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. உதய சூரியனின் கிரணம் பட்டதும் ரத்தக் காட்டேரி மறைந்து போவதாகக் காட்டியது 1922-ம் வருஷத்துப் படந்தான். இன்று உலகத்திலுள்ள சிறுவர்கள் அனைவரும் அதைக் காட்டேரி சாஸ்திரத்தின் முதல் விதியாக நம்புகிறார்கள். மூலத்தைப் பார்த்துச் செய்தது, மூலத்துக்கே சட்டம் வகுத்துவிட்டது! 'பழைய படத்தை ஏன் மறுபடி எடுக்கவேண்டும்?' என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். 1979-ல் வெர்னர் ஹெர்ஸாக் என்ற ஜெர்மானியர் அதே கதையைத் தம் வழியில் மறுபடி எடுத்தார். அதன் பிறகு வந்தவர்தான் ராபர்ட் எக்கர்ஸ் என்ற அமெரிக்கர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இந்தக் கதையை மேடை நாடகமாகப் போட்டவர். அவர் இதைப் படமாக்கப் போகிறார் என்ற செய்தி 2015-ல் வந்தது. படம் 2024-ல் வந்தது. ஒன்பது வருஷம் ரஸிகர்கள் காத்திருந்தார்கள்.

முடிவு தெரிந்த கதைக்காக ஒன்பது வருஷம் காத்திருப்பார்களா என்று நேயர்கள் கேட்கலாம். நம் கிராமங்களில் அரிச்சந்திரன் கூத்துப் பார்க்கிற ஜனங்களை நினைத்துக்கொண்டால் சந்தேகம் தீரும். அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போவான் என்பதும், சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்பதும் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். ஆயினும் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக அல்ல. தெரிந்தது இந்தத் தடவை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக. நாஸ்ஃபெராட்டு ரஸிகர்களின் நிலைமையும் அதுவே. 1922-ல் மாக்ஸ் ஷ்ரெக் என்ற நடிகர் வழுக்கைத் தலையும் எலிப் பல்லுமாகத் தோன்றிய தோற்றம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த வேஷத்தை இப்போது பில் ஸ்கார்ஸ்கார்ட் எப்படிப் போட்டிருக்கிறார் என்பதுதான் கேள்வி. படக் கம்பெனியாரும் கெட்டிக்காரர்கள். முன்னோட்டக் காட்சிகளில் நிழலைக் காட்டினார்கள், கையைக் காட்டினார்கள்; முகத்தை மட்டும் காட்டவில்லை.

இனி, வழக்குக்கு வருவோம். படம் கிறிஸ்துமஸ் தினத்தில், அதாவது 2024 டிஸம்பர் 25-ந் தேதி வெளியாகும் என்று அறிவித்துவிட்டார்கள். உடனே, "அக்கிரமம்!" என்று கிளம்பியது அக்டோபர் கட்சி. அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி இரவு ஹாலோவீன் பண்டிகை. குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அந்த மாதம் முழுவதும் அங்கே பேய்களின் ராஜ்யம். பேய்ப் படம் அப்போதுதானே வரவேண்டும்? இந்தக் கட்சியின் தலைவன், மருமகனின் ஜாகையிலிருந்த அமெரிக்கப் பையன். அவன் ஒரு பழைய மனக்குறையையும் சாட்சிக்கு இழுத்தானாம். 1978-ல் வந்த 'ஹாலோவீன்' என்ற பிரசித்தமான படத்தை 2007-ல் மறுபடி எடுத்தார்கள். படத்தின் பெயரே ஹாலோவீன். வெளியிட்ட நாளோ ஆகஸ்டு 31! தீபாவளி மலரை ஆடி மாதத்தில் வெளியிட்டதுபோல் இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

மருமகன் குளிர்காலக் கட்சி. "மாமா, இங்கே டிஸம்பரில் சாயங்காலம் நாலேகால் மணிக்குச் சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. வெயிலுக்குப் பயந்த ஆசாமிக்கு இதைவிட நல்ல காலம் ஏது?" என்பது அவனுடைய முதல் வாதம். கதையே 1838-ம் வருஷத்துக் குளிர்காலத்தில் நடப்பதாகவும், கிறிஸ்துமஸ் மரம் கூட அதில் உண்டென்றும் கேள்விப்பட்டு, அதை இரண்டாவது வாதமாக வைத்தான். மூன்றாவது, முன்மாதிரி: உலகத்தையே நடுங்க வைத்த 'எக்ஸார்ஸிஸ்ட்' வெளிவந்தது 1973 டிஸம்பர் 26-ந் தேதி அல்லவா?

வியாபாரிகளின் கணக்கு இந்த இரண்டு கட்சியிலும் சேராது. 1976-ல் வந்த 'ஓமன்' என்ற படத்தை மறுபடி எடுத்தவர்கள், மூன்று ஆறுகள் சேர்ந்தால் சாத்தானின் எண் என்பதற்காக, 2006-ம் வருஷம் 6-வது மாதம் 6-ந் தேதி வெளியிட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவில் வழக்கமாகப் படம் வெளியாவது வெள்ளிக்கிழமை. எண்ணுக்காகக் கிழமையை விட்டுக்கொடுத்தார்கள்! டிஸம்பர் கடைசியில் வெளியிடுவதற்கும் காரணம் உண்டு. அந்த வருஷத்துக்குள் வெளியான படமே அந்த வருஷத்து ஆஸ்கார் பரிசுக்குப் போட்டியிடலாம். கடைசியில் வந்தது நடுவர்களின் ஞாபகத்தில் பசுமையாக இருக்கும். தவிர, விடுமுறையில் குழந்தை குட்டிகளுடன் வருகிறவர்களுக்குச் சிங்கக்குட்டிக் கதையும் முள்ளெலிக் கதையும் அந்த வருஷம் முன்னமே தயாராக இருந்தன. மற்றவர்கள் எங்கே போவது? வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்துமஸில் நடக்கிற கதையான 'டெர்ரிஃபையர்' மூன்றாம் பாகம் அதே வருஷம் அக்டோபர் 11-ந் தேதி வெளியாயிற்று. பண்டிகைக் கதை பேய் மாதத்தில். பேய்க் கதை பண்டிகை நாளில்!

இவ்வளவையும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தமக்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோனை நம் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏண்டா, நல்ல நாளும் அதுவுமாய் ஊரெல்லாம் விளக்கேற்றி வைத்துக்கொண்டு சந்தோஷமாய் இருக்கிறபோது, நீ ஒருத்தன் மட்டும் இருட்டிலே போய் உட்கார்ந்து பேயைப் பார்க்கவேண்டுமா?"

"அது நம் பண்டிகை இல்லையே, அம்மா!"

"யாருடையதானால் என்ன? பண்டிகை பண்டிகைதான்."

தமக்கையின் கட்சி லேசானதல்ல. அமெரிக்காவிலேயே அவளுடைய பக்கம் நிற்கிறவர்கள் உண்டு. 'பிளாக் கிறிஸ்துமஸ்' என்ற கொலைப் படத்தை மறுபடி எடுத்து 2006-ல் கிறிஸ்துமஸ் தினத்திலேயே வெளியிட்டபோது, சில கிறிஸ்தவ சங்கத்தார் பலமாகக் கண்டித்தார்கள். ஒருவருடைய புனித நாளைப் பிறர் வேடிக்கைக்கும் வியாபாரத்துக்கும் உபயோகிப்பது மனத்தைப் புண்படுத்தும் என்பது நியாயமே.

ஆயினும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆங்கில தேசத்தில் கிறிஸ்துமஸும் பேய்க் கதையும் வெகு நாளையச் சிநேகிதர்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிஸம்பர் 19-ந் தேதி வெளியிட்ட 'கிறிஸ்துமஸ் கரோல்' பேய்க் கதையன்றி வேறென்ன? ஒரு கருமியின் வீட்டுக்கு அந்தப் பண்டிகை சமயத்தில் ஆவிகள் வந்து அவனைப் பயமுறுத்தி நல்லவனாக்குகின்றன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எம். ஆர். ஜேம்ஸ் என்ற பெரிய பண்டிதர், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தாம் எழுதிய பேய்க் கதைகளைப் படித்துக் காட்டுவார். இரவு நீண்டிருக்கும் காலத்தில், நெருப்பைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பேய்க் கதை ருசிக்கும். வெளியே இருட்டு, உள்ளே உறவினர். பயம் கூடக் கூட நெருக்கமும் கூடும்.

இதை எடுத்துச் சொன்னபோதுதான் தமக்கையின் மனத்திலிருந்தது வெளியே வந்தது. "அது சரி தம்பி, அந்தக் கதை கேட்டவர்களுக்குப் பக்கத்திலே மனிதர்கள் இருந்தார்கள். இவனுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றாள்.

நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. உண்மையும் அதுதான். விடுமுறை என்று அக்டோபர் கட்சித் தலைவன் தன் ஊருக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சர்வகலாசாலை காலி, கடைகளும் அடைப்பு. அன்று திறந்திருப்பவற்றில் ஒன்று சினிமாக் கொட்டகை. இத்தனை நாள் தேதியைப் பற்றி மருமகன் அவ்வளவு ஆவேசத்துடன் வாதாடியதன் காரணம் நமக்கு அப்போது விளங்கிற்று. பிறந்ததிலிருந்து தனியாக ஒரு பண்டிகை நாளைக் கழித்தறியாத பிள்ளை. அந்த நாளுக்கு ஒரு வேலையைத் தேடி வைத்துக்கொண்டிருந்தான். அக்டோபரில் படம் வந்திருந்தால் டிஸம்பர் 25-ந் தேதி அவன் எங்கே போயிருப்பான்?

குறித்த நாளில் படம் வந்தது. முதல் ஐந்து நாளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடி டாலர் வசூல் என்றார்கள். பிற்பாடு ஆஸ்காருக்கு நான்கு இனங்களில் சிபாரிசும் கிடைத்தது. கம்பெனியாரின் பஞ்சாங்கம் பலித்துவிட்டது. மறு நாள் காலையில் மருமகன் பேசினான். கொட்டகை நிறைந்திருந்ததாம். அவனைப் போல் தனியாக வந்தவர்கள் பலராம். கடைசியில் விளக்குப் போட்டதும் பக்கத்து நாற்காலிக்காரர், "அந்த மீசை உமக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டாராம். கம்பெனியார் அத்தனை நாள் மறைத்த முகத்தில் இருந்தது ஒரு பெரிய மீசை! வழுக்கையும் மழித்த முகமுமான பழைய ஓர்லாக்கையே நினைத்துக்கொண்டிருந்த ரஸிகர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கு மீசை உண்டென்று மருமகன் ஆதாரம் காட்ட, முன் வரிசையிலிருந்த ஒருவர் மறுக்க, முன்பின் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து, அன்று திறந்திருந்த ஒரு சீனர் சாப்பாட்டுக் கடைக்குப் போய், கடை சாத்தும் வரையில் மீசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"சாப்பிட்டாயோ இல்லையோ?" என்று மட்டுமே தமக்கை கேட்டாள். சாப்பிட்டதாகச் சொன்னான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் படம் வெளியான தேதி 2025 ஜனவரி 10. மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசி! தமக்கை நம்மைப் பார்த்துச் சிரித்தாள். ஏகாதசியன்று அவளுடன் கோவிலுக்குப் போய்விட்டு, அதற்கு மறு நாள் சென்னையில் படத்தைப் பார்த்தோம். பயமாகத்தான் இருந்தது. படம் நன்றாயிருக்கிறதா என்பதை விமரிசகர்கள் சொல்லட்டும். பேய்க்கு எந்த மாதம் பொருத்தம் என்ற வழக்கில் இரண்டு கட்சிக்கும் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வருஷந்தோறும் அவர்கள் வாதாடிக்கொண்டே இருக்கட்டும். ஒரே தேதிக்காகப் பல பேர் காத்திருந்தால், அந்த நாளில் துணையில்லாதவனும் போய் உட்காருவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. முகூர்த்தம் பார்ப்பதும் இதற்காகத்தானே? நல்ல வேளை என்று பெரியோர் குறித்துக் கொடுத்தது, நாலு பேர் கூடுவதற்கு ஒரு வேளை வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம்.