நம்பாத காதுகள்

கஸாண்ட்ரா ட்ராய் ராஜாவோட மகள். அப்போலோ அவள்மேல் ஆசைப்பட்டு, வரப்போவதை அறியும் வரத்தைக் கொடுத்தான். அவள் இணங்கவில்லை. கொடுத்த வரத்தைப் பிடுங்க முடியாமல், 'நீ சொல்வதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்' என்று சபித்தான். சாமின்னாலும் ஆம்பள புத்தி.

கி.மு. 458-இல் ஏதென்ஸில் அரங்கேறிய 'அகமெம்னான்' நாடகத்தில் எஸ்கிலஸ் அவளைப் போரில் பிடிபட்ட அடிமையாக நிறுத்துகிறார். ராணி எத்தனை அதட்டியும் அவள் வாய் திறப்பதில்லை. இவளுக்குத் தெரிந்தது குருவிக் கத்தல் மாதிரி ஏதோ அந்நிய பாஷைதானோ என்கிறாள் ராணி. ராணி உள்ளே போனபிறகு கஸாண்ட்ரா பேசுகிறாள், கிரேக்கத்தில்தான். அந்த வீட்டில் முன்பு வெட்டிச் சமைக்கப்பட்ட பிள்ளைகள், இனி விழப்போகும் கொலை, தன் சாவு, எல்லாம் சொல்கிறாள். ஊர்ப் பெரியவர்களுக்குப் பழைய கொலை புரிகிறது. வரப்போகும் கொலை புரியவில்லை. நடந்து முடிஞ்சதுக்கு உச்சுக்கொட்டுறது சுலபம். நடக்கப்போறதைத் தடுக்கணும்னா எந்திரிக்கணும்ல?

கல்லூரியில் இதை நடத்திய வாத்தியார் 'பித்துப் பிடித்தவள்' என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார். எனக்கு அப்பவே உறுத்துச்சு. அடிமை, அந்நியள், பொம்பள. இந்த மூணும் போதுமே, சாபம் எதுக்கு?

பிறகு தேடித்தேடிப் படித்தேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் 'லே த்ரோயான்' இசைநாடகத்தில் முதல் இரண்டு அங்கங்கள் அவளுடையவை. 1863-இல் பாரிஸில் மேடையேறியபோது அந்த இரண்டையும் விட்டுவிட்டு மீதியைத்தான் போட்டார்கள். 1869-இல் பெர்லியோஸ் செத்துப்போனார், தன் கஸாண்ட்ராவை மேடையில் பார்க்காமலே. முழு நாடகமும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மேடையேற 1890 ஆனது.

கிழக்கு ஜெர்மனியில் கிறிஸ்டா வோல்ஃப் 1983-இல் 'கஸாண்ட்ரா' நாவலை எழுதினார். ஐரோப்பாவின் இரண்டு பக்கமும் அணு ஏவுகணைகள் குவிந்த காலம். சாவுக்கு முந்தைய சில மணி நேரத்தில் அவளே 'நான்' என்று பேசுகிறாள். நாவலோடு சேர்ந்த வோல்ஃபின் உரைகளில் சில பகுதிகளை அந்நாட்டுத் தணிக்கை வெட்டியது. வெட்டிய இடங்களில் புள்ளிகள் மட்டும் அச்சாயின. அந்தப் புள்ளிகளையும் படிக்கத் தெரியணும்.

இவர்களெல்லாம் அவளைப் பேசவைத்தவர்கள். கேட்காதவர்களைப் பேசவைத்தது, எனக்குத் தெரிந்து, 1982-இல் வந்த ஒரு பாட்டு. ஸ்வீடனின் 'ஆபா' குழு பாடியது. நம்பாமல் போனவர்கள் கஸாண்ட்ராவிடம் வருத்தம் சொல்கிறார்கள். அது இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இடம்பிடித்தது.

தீர்க்கதரிசி என்று அவளைப் புகழ்கிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அவள் சொன்னது சாட்சியம். சாட்சி சொன்னவளைத்தானே இத்தனை காலமும் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம். கேட்ட காதுகளை எப்போது விசாரிக்கப் போகிறோம்?